பறவை நகம் வெட்டுற செட்: கத்தரிக்கு மட்டும் காசு குடுக்கலாம்

ஆன்லைன்ல 449 ரூபாய்க்கு வாங்கின செட் இது. பெட்டிக்குள்ள அஞ்சு சாமான் இருந்துச்சு, ஒரு குட்டி கத்தரி, ஒரு அரம், ஒரு டப்பா வெள்ளைப் பவுடர், ஒரு சின்ன டவல், அப்புறம் கூண்டுக் குச்சி மேல மாட்டிவிடுற உப்புத்தாள் உறை. மூணு ஸ்டார் குடுத்துருக்கேன், மூணுமே கத்தரிக்குத்தான். மத்த நாலுல ரெண்டு வேஸ்ட், ரெண்டு பறவைக்கே வினை. நாலு மாசம் யூஸ் பண்ணிட்டுதான் எழுதுறேன், பெட்டி பிரிச்ச அன்னிக்கே "சூப்பர் ப்ராடக்ட், ஃபாஸ்ட் டெலிவரி"ன்னு போடுற ஆள் நான் இல்ல.

எங்க வீட்ல ரெண்டு காக்டெயில் (cockatiel, தலையில கொண்டை இருக்குற சின்னக் கிளி வகை) இருக்கு. ஒன்னு லட்டு, லுட்டினோங்கற கலர் வகை, வெள்ளையும் மஞ்சளும். இன்னொன்னு பாண்டி, சாதாரண சாம்பல் கலர். கலரை எதுக்கு சொல்றேன்னா நகம் வெட்டுறதுல பாதி கஷ்டம் அங்கதான் இருக்கு. லட்டுவோட நகம் வெளுப்பு, வெளிச்சத்துல பிடிச்சா உள்ள ஓடுற ரத்தக்குழாய் ரோஸ் கோடு மாதிரி தெளிவா தெரியும். பாண்டிக்கு நகம் கருத்துப்போய் இருக்கும், உள்ள எது எங்க முடியுதுன்னு அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம். நகக்கண்ணுல ஊசி ஏறுனா நமக்கு எப்படி இருக்கும், அதே நரம்பு அதே ரத்தம் அதுக்கும் உண்டு, வெளிய இருக்குற ஓடுதான் செத்த பாகம். அந்த செத்த பாகத்தை மட்டும் வெட்டணும், அவ்ளோதான் விஷயம், ஆனா அந்த "அவ்ளோதான்"ல எனக்கு ஒரு வருசம் போச்சு.

மொதல்ல எதுக்கு வெட்டணும்னே கேப்பாங்க, எங்க அம்மாவும் கேட்டாங்க. காட்டுல இருக்குற கிளிக்கு யாருடா நகம் வெட்டுறான்னு. நியாயமான கேள்வி. காட்டுல அது நாள்பூரா சொரசொரப்பான கிளையில உக்காந்து ஏறி இறங்கி தேய்ச்சுக்கும், நம்ம வாங்குற கூண்டுல வழவழன்னு ஒரே சைஸ்ல ரெண்டு பிளாஸ்டிக் குச்சி வருமே, அதுல என்னத்த தேயும். பாண்டிக்கு பின்விரல் நகம் ரெண்டும் அருவா மாதிரி வளைஞ்சு போய் ஒரு நாள் ராத்திரி ஊஞ்சல் கயித்துல நூல் மாட்டிக்கிச்சு. காக்டெயில் வச்சிருக்கவங்களுக்குத் தெரியும், ராத்திரி ஒரு சின்ன சத்தம், ஒரு வண்டி லைட் பட்டாக்கூட பயந்து கூண்டுக்குள்ள படபடன்னு அடிச்சுக்கும். அன்னிக்கும் அப்படி அடிச்சிருக்கு, கால் மாட்டுனதால தலைகீழா தொங்கிட்டு கத்துது. கால் உடையாம போனது யார் செஞ்ச புண்ணியமோ. மறுநாளே அந்தக் கயிறு ஊஞ்சலைத் தூக்கி எறிஞ்சேன்.

நீளமா இல்லையான்னு பாக்க ஒரு ஈஸி வழி இருக்கு. தரை மாதிரி தட்டையான இடத்துல நிக்க விடுங்க. விரல் முழுசும் தரையில படிஞ்சு இருந்தா பிரச்சனை இல்ல, நகம் முட்டி விரலைத் தூக்கிவிட்டா வெட்டுற நேரம் வந்தாச்சு. பட்டனுக்குள்ள, சட்டைத் துணியில அடிக்கடி மாட்டுதுன்னாலும் அதே அர்த்தம்தான். தோள்ல உக்காரும்போது குத்துதேன்னு மட்டும் வெட்டாதீங்க, நகம் கூரா இருக்குறதும் நீளமா இருக்குறதும் வேற வேற.

செட் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு பாடம் படிச்சேன். ஒன்னு, ஒரு பெட் ஷாப். பேர் வேணாம். 100 ரூபா வாங்கிட்டு, பாண்டியை உள்ளங்கையில நெஞ்சோட அமுக்கிப் பிடிச்சு, எட்டு நகத்தையும் ஒரே அளவா சடசடன்னு வெட்டித் தள்ளிட்டாரு அந்தத் தம்பி. மூணுல ரத்தம். கேட்டா "அது ஒன்னும் ஆவாதுண்ணே"ன்னு சொல்லிட்டு எரியிற ஊதுபத்தியை எடுத்து நகத்து நுனியில வச்சு தேய்ச்சாரு பாருங்க, எனக்கு உயிரே போயிருச்சு, பாண்டி ரெண்டு நாள் ஒரு காலைத் தூக்கிட்டே நின்னுச்சு. பறவைக்கு நம்மள மாதிரி உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைஞ்சாத்தான் மூச்சே, அதை அமுக்கிப் பிடிச்சா மூக்கு வாய் ரெண்டும் திறந்திருந்தும் மூச்சு திணறி செத்துப்போகும். இது அந்தக் கடைக்காரருக்குத் தெரியாதுங்கறதுதான் எனக்கு பயம், நாள் பூரா பறவை விக்கிற ஆளு.

ரெண்டாவது பாடம் நான் எடுத்துக்கிட்டது. நம்ம நெயில் கட்டரை வச்சு ட்ரை பண்ணேன். நம்ம நகம் தட்டை, அதுக்கு உருண்டை. மேல கீழ அமுக்குற கட்டர் உருண்டை நகத்தை நசுக்கிரும், வெட்டுன இடத்துல சில்லு சில்லா பிளந்து நின்னுச்சு. அப்புறம்தான் தெரிஞ்சது, கட்டரை பக்கவாட்டுல திருப்பிப் பிடிச்சு ரெண்டு பக்கத்துல இருந்து வெட்டணும்னு. சின்னக் குழந்தைக்கு வெட்டுற குட்டி கட்டர்னா லவ் பேர்ட்ஸ் (பட்ஜி) சைஸுக்கு ஓகே. காக்டெயிலுக்கு எனக்கு சரிப்பட்டு வரல.

இப்ப கத்தரிக்கு வரேன். வெட்டுற தகடு ரெண்டுலயும் அரைவட்டமா ஒரு பள்ளம் வெட்டியிருக்கு, நகம் அதுக்குள்ள உக்காந்துரும், வழுக்காது. இது ஒன்னுதான் இதோட மொத்த புத்திசாலித்தனம், ஆனா அது போதும். கூர் நல்லா இருக்கு, "டிக்"னு ஒரே வெட்டு, பிளவு இல்ல, பறவைக்கு வெட்டுனதே தெரியாத மாதிரி இருக்கு. பள்ளம் காக்டெயில் நகத்துக்கு கொஞ்சம் பெருசு, லவ் பேர்ட்ஸ் நகம்னா உள்ள ஆடும், அதனால பள்ளத்தோட ஓரத்துல வச்சு வெட்டணும். விரல் விடுற வளையம் ரொம்ப சின்னது, என் கட்டைவிரல் பாதிதான் போகுது, எங்கக்கா கைக்கு கரெக்டா இருக்கு. மூணாவது மாசம் நடு ஆணி லேசா லூஸ் ஆச்சு, ஸ்க்ரூ இல்ல ரிவெட், டைட் பண்ண முடியாது. இன்னும் வெட்டுது, ஆனா தகடு ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி வந்துருச்சுன்னா தூக்கிப் போட்ருவேன். மழுங்குன கத்தரி நகத்தை வெட்டாது, கடிக்கும்.

கூட வந்த விளம்பரத்தாள்ல ஒரு படம் இருக்கு, அதைப் பாத்துதான் மொத தடவை மோசம் போனேன். நகத்துல பாதியில கோடு போட்டு இங்க வெட்டுன்னு காட்டிருக்கான். எந்தப் பறவையோட நகம்னே தெரியல, கழுகா இருக்கும். லட்டுவுக்கு ரோஸ் கோடு கண்ணுக்குத் தெரிஞ்சதால படத்தை மதிக்காம நுனி மட்டும் வெட்டினேன், தப்பிச்சேன். பாண்டிக்கு கருப்பு நகம், ஏதோ அச்சடிச்சு வச்சிருக்கானே, தெரிஞ்சவன் போட்டிருப்பான்னு நம்பி வெட்டினேன், பின்விரல்ல பொட்டு ரத்தம். கருப்பு நகத்துக்கு ஒரே வழி கொஞ்சங்கொஞ்சமா போறதுதான், ஒரு வெட்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வேணாம், வெட்டி வெட்டி முனையைப் பாக்கணும். நுனி காய்ஞ்சு பொடியா இருக்குற வரைக்கும் போலாம், வெட்டுன முகத்துக்கு நடுவுல ஈரமா பளபளன்னு ஒரு புள்ளி தெரிஞ்சா அங்கயே நிறுத்திரணும். லைட் வச்ச கட்டர்னு ஒன்னும் விக்கிறாங்க, ரத்தக்குழாய் தெரியுமாம். செல்போன் டார்ச்சை பின்னாடி பிடிச்சுப் பாத்தேன், லட்டுவுக்கு லைட்டே தேவையில்ல, பாண்டிக்கு டார்ச் அடிச்சும் தெரியல. அப்புறம் அதுக்கு எதுக்கு காசு.

ரத்தம் வந்தப்போ அந்த வெள்ளைப் பவுடரை எடுத்தேன். டப்பா மேல "ரத்தம் நிறுத்தும் பவுடர்"னு பெருசா போட்டிருக்கு, உள்ள என்ன இருக்குன்னு ஒரு வரி இல்ல. நல்ல ஸ்டைப்டிக் பவுடர்னா அதுல ஃபெர்ரிக் சப்சல்ஃபேட்னு இரும்பு உப்பு இருக்கும், மஞ்சளா பழுப்பா இருக்கும், வச்ச உடனே கருத்து அடைச்சுக்கும், லேசா எரியும்கூட. இது வாசனை இல்லாத முகப்பவுடர் மாதிரி இருக்கு. வச்சேன், ரத்தத்தோட சேந்து ரோஸ் பசையா வழியுது. பாண்டி என் சட்டையெல்லாம் பொட்டு வச்சு விட்ருச்சு. அக்கா அடுப்படிக்கு ஓடி கார்ன் ஃப்ளார் டப்பாவை எடுத்துட்டு வந்தா, மஞ்சூரியன் போட வாங்கி வச்சது, உள்ளங்கையில கொட்டி நகத்து நுனியை அதுக்குள்ள அழுத்தி ரெண்டு நிமிசம் எடுக்காம பிடிச்சோம், நின்னுச்சு. கார்ன் ஃப்ளார் இல்லன்னா மைதாகூட ஓகே. நடுவுல எடுத்து எடுத்துப் பாத்தீங்கன்னா நிக்காது, அந்தத் தப்பையும் பண்ணிருக்கேன்.

பயமுறுத்தல, ஆனா கணக்கு தெரிஞ்சிருக்கணும். காக்டெயில் எடை 90 கிராம்னு வைங்க, அதுல ரத்தம் ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு, 9 மில்லி. நல்லா இருக்குற பறவை தன் எடையில ஒரு சதவீதம் வரைக்கும் இழந்தா தாங்கும், அதாவது ஒரு மில்லிக்கும் கொஞ்சம் கம்மி. ஒரு மில்லிங்கறது சுமாரா 20 சொட்டு. ஒரு சொட்டு ரெண்டு சொட்டுக்கு பதறி பறவையையும் பதற விடாதீங்க, ஆனா நிக்காம சொட்டிட்டே இருந்தா வேடிக்கை பாக்காதீங்க, மாவை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே டாக்டர்கிட்ட கிளம்புங்க. இதனாலயே நான் சாயங்காலம் வெட்டறதை விட்டுட்டேன். காலையில வெட்டி, கூண்டு அடியில வெள்ளைத்துணி விரிச்சு ஒரு மணி நேரம் கண்ணு வச்சிருப்பேன், ராத்திரி இருட்டுல ஆறுன இடம் திறந்துக்கிட்டா யாருக்குத் தெரியும்.

டவல். இதைப் பத்தி அம்மா சொன்னதை அப்படியே எழுதுறேன்: "இதுல நகம் மாட்டாம வேற எதுல மாட்டும்?" கரெக்ட். வளைய வளையமா நூல் இருக்குற பூந்துவாலை, நகம் நீளமா இருக்குன்னு வெட்டப் போறோம், அதையே நூல்ல மாட்டி விடுறோம். அம்மா பழைய வேட்டித் துணியை ரெண்டா மடிச்சு எடுத்தாங்க. கிராமத்துல கோழி பிடிச்சுப் பழகுன கை, ஆனா கோழி மாதிரி பிடிக்காதம்மா, இது நெஞ்சை அமுக்கக்கூடாதுன்னு நான் சொல்லச் சொல்ல "தெரியும்டா, நீ கத்தரியைப் பாரு"ன்னாங்க. பின்னாடி இருந்து துணியைப் போட்டு ரெக்கை ரெண்டையும் மூடி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாடைக்கு ரெண்டு பக்கம், தலை திரும்பி கடிக்காத மாதிரி, நெஞ்சுப்பக்கம் துணி தளர்வா. பாண்டி ரெண்டு தடவை கத்திட்டு அமைதி ஆயிருச்சு. நான் பிடிச்சா என் விரல்ல ரத்தம், அம்மா பிடிச்சா யாருக்கும் ரத்தம் இல்ல. அப்போ செட்டுக்கு குடுத்த காசை அம்மாவுக்கே குடுத்திருக்கலாம்.

துணிக்குள்ள ரொம்ப நேரம் வச்சிருக்காதீங்க. எங்க ஊர் மதுரை, ஏப்ரல் மே வந்தா ஃபேனுக்கு அடியில நிக்கிற நமக்கே மூச்சு முட்டுது, பறவைக்கு வேர்வை கிடையாது, சூடு ஏறுனா வாயைத் திறந்து இளைக்கும். வாய் திறந்துருச்சா, வால் மேலயும் கீழயும் ஆடுதா, எத்தனை நகம் பாக்கி இருந்தாலும் விட்ருங்க. எங்களுக்கு ஒரு ரவுண்டு ரெண்டு மூணு நிமிசம்தான். முன்னாடி ரெண்டு பின்னாடி ரெண்டு, ஒரு காலுக்கு நாலு, ஒரே நாள்ல எட்டையும் முடிச்சே ஆகணும்னு யாரும் சட்டம் போடல.

சட்டம்னதும் ஞாபகம் வருது. போன மாசம் தெரிஞ்சவர் ஒருத்தர் பச்சைக்கிளிக்கு நகம் வெட்டிக் குடுங்கன்னு தூக்கிட்டு வந்தாரு. அண்ணே, நம்மூர் கிளியை வீட்ல வச்சிருக்கறதே 1972 வன உயிரினச் சட்டப்படி தப்புன்னு சொன்னா, எங்க தாத்தா காலத்துல இருந்து வளக்குறோம்கிறாரு. காக்டெயில் ஆஸ்திரேலியா பறவை, கூண்டுலயே பொறந்து வளந்தது, அது வேற கதை. நான் வெட்டல.

அரம் பத்தி சொல்ல ஒன்னுமில்ல. இரும்பு அரம், தேய்க்கும்போது விரலே அதிருது, பாண்டி பறந்து டியூப்லைட் மேல போய் உக்காந்துக்கிச்சு. வெட்டுன முனையை லேசா மழுக்க ஃபேன்ஸி ஸ்டோர்ல 10 ரூபாய்க்கு கிடைக்கிற நெயில் ஃபைல் போதும்.

அந்த உப்புத்தாள் உறையைத்தான் பெருசா விளம்பரம் பண்றான், "தானாவே நகம் தேயும்"னு. யோசிச்சுப் பாருங்க, பறவை குச்சியில நிக்கும்போது குச்சியோட அழுந்துறது நகமா உள்ளங்காலா? பாதம்தான். நகம் சுத்தி வளைஞ்சு சும்மா நிக்குது, உப்புத்தாள் பாதத்தைத்தான் நாள் முழுக்க உரசிட்டு இருக்கும். நாலே நாள்ல லட்டுவோட பாதம் செவந்துருச்சு. கழட்டிட்டேன். ஈரம் பட்டா மணலும் உதிருது, அதைக் கொத்தித் தின்னா இன்னொரு தலைவலி.

இதுக்கு பதிலா சிமெண்ட் குச்சின்னு ஒன்னு தனியா கிடைக்குது, நான் 220 ரூபாய்க்கு வாங்கினேன், அது உருப்படியா இருக்கு. ஆனா ரெண்டு விஷயம். நகம் முழுசா சுத்தி வந்து அந்தரத்துல தொங்குற மாதிரி ஒல்லியா இருக்கக்கூடாது, நகத்து நுனி குச்சி மேலயே படணும். அப்புறம் அது தூங்குற உச்சிக் குச்சியா இருக்கவே கூடாது, தீனி கிண்ணத்துக்கு முன்னாடி மாட்டுங்க, சாப்பிட வர்றப்போ நின்னு தேய்ச்சுட்டுப் போகும். மிச்ச இடமெல்லாம் கொய்யா கிளை, வேப்பங்கிளை, ஒன்னு பருமனா ஒன்னு மெல்லிசா, கோணலும் மாணலுமா. பக்கத்து வீட்டு கொய்யா மரத்துல மருந்து அடிக்கிறதில்லன்னு கேட்டுட்டு ஒடிச்சு, கழுவி, ரெண்டு நாள் வெயில்ல போட்டு மாட்டினேன், காசே இல்ல. அரளிக் கிளையை மட்டும் அழகா இருக்கேன்னு வச்சுராதீங்க, விஷம். இதெல்லாம் மாட்டுனதுக்கு அப்புறம் முன் நகங்களை நான் வெட்டவே இல்ல, பின்விரல் மட்டும்தான், அதுவும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை.

ஒருவேளை நல்ல குச்சி எல்லாம் இருந்தும் திடீர்னு நகமும் அலகும் சேந்து சரசரன்னு வளருது, அங்கங்க கருப்பா திட்டு தெரியுதுன்னா கத்தரியைத் தேடாதீங்க. ஈரல்ல கொழுப்பு சேந்தா அப்படி ஆகும், வருசக்கணக்கா சூரியகாந்தி விதையே தின்னு வளர்ற பறவைகளுக்கு, முக்கியமா லவ் பேர்ட்ஸுக்கு இது வரும். கால்ல அலகுல சொறி மாதிரி படிஞ்சு நகம் கோணலா போனா அது பூச்சி, மைட்ஸ். ரெண்டுமே டாக்டர் பாக்க வேண்டிய வேலை. நாய் பூனை பாக்குறவங்க எல்லாரும் பறவை பாக்க மாட்டாங்க, முதல்லயே போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. சென்னையில வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, நாமக்கல் திருநெல்வேலி பக்கம் இருக்கவங்களுக்கு அங்கயும் அரசு கால்நடைக் கல்லூரி இருக்கு.

லட்டுவுக்கு இப்ப துணியே தேவையில்ல. தினைக் கதிரைக் காட்டிட்டே தினமும் கால் விரலைத் தொட்டுத் தொட்டுப் பழக்கினோம், வள்ளி தினைப்புனத்துல கிளியை விரட்டுனா, நாங்க அதே தினையைக் காட்டிக் கூப்பிடுறோம். மொத வாரம் தொடுறது மட்டும், ரெண்டாவது வாரம் கத்தரியை கிட்ட காட்டுறது, மூணாவது வாரம் அது தின்னுட்டு இருக்கும்போதே ஒரே ஒரு நகம் "டிக்". ஒரு நாளைக்கு ஒன்னுதான், அதுக்கு மேல போனா கடிக்கும், அது நியாயமும்கூட. பாண்டி மட்டும் ஊதுபத்திக்காரரை இன்னும் மறக்கல, கத்தரியைப் பாத்தாலே கொண்டையைத் தூக்கிட்டு ஸ்ஸ்ஸுங்குது, அதுக்கு இன்னும் அம்மாவும் வேட்டியும்தான்.

செல்லருக்கு பவுடர்ல என்ன இருக்குன்னு கேட்டு மெசேஜ் போட்டேன். "அன்பான வாடிக்கையாளரே, இது நூறு சதவீதம் நேச்சுரல்"னு பதில் வந்துச்சு, சுண்ணாம்பும் நேச்சுரல்தான்.

வாங்கணும்னு நினைக்கிறவங்க இந்த செட்டை வாங்காதீங்க, பூனை நகக் கத்தரின்னு தேடுங்க, அச்சு அசல் இதே கத்தரி 180 ரூபாய்க்கு கிடக்குது, பிடி மட்டும் இதுல நீலம், அதுல ரோஸ்.